நாப்பது எழுத்து, ஆறு வார்த்தை

இல்ல ஜட்ஜம்மா, உக்கார மாட்டேன். உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. முப்பத்தொரு வருஷம் நின்னுக்கிட்டே வேல பாத்தவன் நான். சரி சரி, சத்தத்தக் கொறச்சுக்கறேன். ஆனா அந்த வக்கீலயும் கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லுங்க. காலையிலேருந்து நாலு தடவ ஆச்சு, பாஸ்வேர்டு என்ன, பாஸ்வேர்டு என்னன்னு. ஏதோ நான் அவர் வீட்டுச் சாவியத் திருடிப் பைக்குள்ள போட்டுக்கிட்ட மாதிரி. பதில் சொல்ல மாட்டேன்னு நான் எங்கயாவது சொன்னேனா? சொல்றேன். என் வரிசையில சொல்றேன். எனக்கு வக்கீல் கிடையாது, எழுதிக் குடுக்க ஆளும் கிடையாது, அதனால கோணல்மாணலாத்தான் வரும். பொறுத்துக்கங்க.

பேரு கிளைவ் ஸ்டாதர்ஸ். பொறந்தது வளந்தது எல்லாம் இதே ஹல் ஊருதான். கேரவன் ஃபேக்டரியில கதவு மாட்டற வேல. கதவு, ஜன்னல், பூட்டு. ஒண்ணு தெரியுமா உங்களுக்கு, அந்த வண்டிங்கள்ல ஒரே சாவி நாப்பது கதவத் தெறக்கும். வாங்கறவங்களுக்குத் தெரியாது, மாட்டறவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் முப்பத்தொரு வருஷம் மாட்டினேன், ஒரு நாள் கூட அதப் பத்திக் கவலப்பட்டதில்ல. அந்த மாதிரி ஆளு நான். பூட்டுன்னா கதவு காத்துல அடிச்சுக்காம இருக்கறதுக்குன்னு நெனச்சவன்.

ஆமாம்மா, கேஸுக்குத்தான் வர்றேன்.

கெல்சி என் ஒரே பொண்ணு. அவ அம்மா மோரீன் செத்து ஏழு வருஷம் ஆச்சு. அந்தா அங்க நீலக் கோட்டு போட்டுக்கிட்டு, தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, பாவமா உக்காந்திருக்கான் பாருங்க, டேரன், அவன் என் மாப்ள. அந்த மூஞ்சிய நான் எட்டு வருஷமாப் பாத்திருக்கேன். நல்லா இருக்கும் அந்த மூஞ்சி. சனிக்கிழமையானா ரக்பி மேட்சுக்கு என்னக் கூட்டிட்டுப் போவான். மாமா குளிருதா, மாமா டீ வேணுமான்னு கேப்பான். என் மச்சான்கூட அப்படிக் கேட்டதில்ல. மொபைல் கடையில மேனேஜரு. எங்க வீட்டுல எல்லாருக்கும் போன் வாங்கிக் குடுத்தது அவன்தான். என்னுது, கெல்சியோடது, எல்லாத்தையும் அவனே செட் பண்ணிக் குடுத்தான். நாங்களும் நல்ல பையன்னு வாங்கிக்கிட்டோம். கெல்சி எந்தக் கடைக்குப் போறா, யார்கூடப் பேசறா, பஸ்ஸ விட்டு எந்த ஸ்டாப்புல எறங்கறா, எல்லாம் அவன் போன்ல தெரியும். அவ பல் டாக்டர்கிட்ட போயிட்டு இருபது நிமிஷம் லேட்டா வந்தா, அந்த இருபது நிமிஷத்துக்கு அன்னிக்குச் சாயங்காலம் பதில் சொல்லணும். அது எனக்கு அப்பத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுகூடப் பொய். அவ சொன்னா. சொன்னப்ப நான், அக்கறையில கேக்கறான் விடும்மான்னு சொன்னேன்.

என் வாயால சொன்னேன்.

ரெண்டரை வருஷம் முன்னாடி ஜனவரியில அவ கொழந்தையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. பொம்பளைங்களுக்கு அடைக்கலம் குடுக்கற எடத்துல கொஞ்ச நாள், அப்புறம் லிங்கன்ங்கற ஊர்ல ஒரு சின்ன வீடு. அந்த விலாசத்த அவ ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினா. எனக்கு. போன்ல மெசேஜ் வந்துச்சு. அப்பா, உனக்கு மட்டும்னு எழுதி, கீழ விலாசம். அவ்வளவுதான்.

இப்ப டேரன் பக்கத்து வக்கீல் சொன்னாரு, கெல்சி எங்க இருக்கான்னு டேரன் எப்படிக் கண்டுபிடிச்சான்னா, தற்செயலா ஒரு நண்பர் பாத்துச் சொன்னாருன்னு. எந்த நண்பர்? கூப்பிடுங்க அந்த நண்பரை! சரிம்மா. சரி. கத்தல. அந்த நண்பர் நான்தான்.

மே மாசம். ஞாயித்துக்கிழமை. மத்தியான நேரம் என் வீட்டுக் கதவத் தட்டினான். கையில மீன், சிப்ஸு, பேட்டின்னு எங்க ஊரு உருளக்கெழங்கு வடை, எல்லாம் பொட்டலமாக் கட்டி எடுத்துட்டு வந்திருந்தான். இன்னொரு கையில ஒரு பொம்மை, பெட்டியோட. என் சமையலறையில உக்காந்து அழுதான். ஆம்பள அழுது நான் பாத்ததே இல்லம்மா, என் அப்பா அழுது பாத்ததில்ல, நான் மோரீனுக்குக் கூட பாத்ரூம்ல போய்த்தான் அழுதேன். அவன் மூக்கு ஒழுக அழுதான். மாமா, பிப்ரவரியில மேபலுக்குப் பொறந்தநாளுக்கு வாங்கினது, குடுக்கவே முடியல, தபால்ல அனுப்பிடறேன், நான் அந்தப் பக்கமே போகமாட்டேன், சத்தியமா மாமான்னான். நான் என்ன பண்ணினேன்? ஒரு அப்பனுக்குக் கொழந்த மேல பாசம் இருக்காதான்னு நெனச்சேன். அந்தப் பொட்டலம் சுத்தின காகிதத்துலயே எழுதிக் குடுத்தேன். வீட்டு நம்பர், தெருவு, எல்லாம். எண்ணெ பட்டு பேனா எழுத மாட்டேங்குது, நான் வேற அழுத்தி அழுத்தி எழுதறேன். அழுத்தி எழுதினேம்மா.

ரெண்டே நாள். செவ்வாக்கெழம காலையில அவன் லிங்கன்ல அவ வாசல்ல நிக்கறான். மாடிப்படியிலேருந்து தள்ளினான். தாடை ஒடஞ்சது. எடது காது இன்னிக்கும் கேக்காது அவளுக்கு. கொழந்த படியில உக்காந்து எல்லாத்தையும் பாத்துச்சு, ரெண்டு வயசு. கையில பொம்மை. குடுத்துட்டுத்தான் தள்ளியிருக்கான், அந்த வரிசையில.

அது இந்தக் கேஸுல இல்லையா? தெரியும். அந்தக் கேஸ் நிக்கல. அவ பயந்துபோய்க் குடுத்த வாக்குமூலத்தத் திரும்ப வாங்கிக்கிட்டா, சாட்சி ரெண்டு வயசுக் கொழந்த, அவளே தவறி விழுந்துட்டான்னு அவன் சொல்லிட்டான். அதனால சட்டப்படி ஒண்ணுமே நடக்கல. அவ விழுந்தா. கீழ தரை இருந்துச்சு. அவ்வளவுதான். அதனாலதான அவன் இன்னிக்கு இங்க வந்து கொழந்தையப் பாக்கணும்னு கேக்க முடியுது, விலாசத்த எடுங்கன்னு கேக்க முடியுது. நான்தான் இங்க குத்தவாளி மாதிரி நிக்கறேன். நிக்க வேண்டியவன்தான், அது வேற.

தண்ணி வேண்டாம்மா. போதும்.

எட்டு மாசம் என்கிட்ட ஒரு வார்த்த பேசல அவ. எங்க இருக்கான்னே தெரியாது. அடுத்த ஜனவரியில அந்த அடைக்கல எடத்துலேருந்து நாடீன்னு ஒரு அம்மா போன் பண்ணாங்க. உங்க பொண்ணு ஒரு விஷயம் சொல்லச் சொன்னா, உங்களுக்குக் கடிதம் எழுதலாம்னு யோசிக்கறா, ஆனா பூட்டின கடிதமாத்தான் எழுதுவா, அத எப்படித் தெறக்கறது மூடறதுன்னு நீங்க கத்துக்கிட்டாத்தான் எழுதுவா, இல்லன்னா இல்லன்னாங்க. எந்தப் பூட்டு, எந்தக் கடிதம்னு கேட்டேன். உங்க ஊரு லைப்ரரியில வியாழக்கிழமை மத்தியானம் சொல்லித் தர்றாங்களாம்னுட்டு வெச்சுட்டாங்க.

போனேன். அறுபத்திமூணு வயசுல. ஆறு பேரு இருந்தோம் அங்க. ஒருத்தர் தோட்டத்துல காய் போடறவர், அவரோட முட்டக்கோஸ் ரகசியத்த அரசாங்கம் படிக்குதுன்னு அவருக்குச் சந்தேகம். சொல்லித் தர்றது பிப்னு ஒரு பொண்ணு. யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணுது. தலமுடி நீலக் கலரு, கால்ல ரெண்டு வேற வேற சாக்ஸு. எனக்குப் பாத்த ஒடனே எரிச்சலு. இதுகிட்டயா நான் கத்துக்கணும்னு.

மொத நாள் அது ஒரு ஆட்டம் காட்டுச்சு. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலா மூணு எழுத்து தள்ளி வர்றத எழுதுங்க, அதான் ரொம்பப் பழைய பூட்டுன்னுச்சு. நான் எழுதினேன், பேட்டியும் சிப்ஸும் வாங்கிட்டு வான்னு. தள்ளறது மூணா ஏழான்னு இதுக்குச் சொல்லக்கூடாதுன்னு நானே ஏழு தள்ளிட்டேன். ரொம்பப் புத்திசாலித்தனம்னு நெனப்பு. அது காகிதத்த வாங்கி, எந்த எழுத்து அதிக தடவ வந்திருக்குன்னு எண்ணுச்சு. நாம பேசற பாஷையில எந்த எழுத்து அதிகம் வரும்னு ஒலகத்துக்கே தெரியும், கிளைவ், ஒங்க பாஷையே ஒங்களக் காட்டிக் குடுத்துருச்சுன்னுச்சு. நாலு நிமிஷம் கூட ஆகல. அத்தோட, பசிக்குதான்னு வேற கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் காது சுட்டுச்சு.

அப்புறம் மூணாவது வாரம்தான் விஷயத்துக்கு வந்துச்சு. கெல்சி சொன்ன பூட்டு. அது எப்படின்னா... நீங்க கேட்டீங்க, அதனால சொல்றேன். சாதாரணப் பூட்டுன்னா ஒரே சாவி, பூட்டறதுக்கும் தெறக்கறதுக்கும். அந்தச் சாவிய இன்னொருத்தருக்கு அனுப்பறப்ப வழியில எவனாவது நகல் எடுத்துட்டா முடிஞ்சுது. இது அப்படியில்ல. நான் ஒரு பூட்டு செய்யறேன், தெறந்தே இருக்கற பூட்டு. அத ஊரு பூரா குடுக்கலாம், டேரனுக்கே குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது. யாரு வேணா கடிதத்தப் பொட்டியில போட்டு அந்தப் பூட்ட அமுக்கிரலாம். அமுக்கினப்புறம், அமுக்கினவங்களாலயே தெறக்க முடியாது. தெறக்கற சாவி ஒண்ணே ஒண்ணு, என்கிட்ட. அது என் கைய விட்டு எங்கயும் போகவே வேண்டியதில்ல. இன்னொண்ணு, அதே சாவியாலதான் நான் எழுதறதுக்குக் கையெழுத்தும் போடறேன். இது கிளைவ்தான் எழுதினான்னு அவ அங்கேருந்தே சரிபாத்துக்கலாம்.

இத நான் கேட்டப்ப, முப்பத்தொரு வருஷம் பூட்டு மாட்டினவனுக்கு, நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுச்சும்மா. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாமயே இருந்துட்டமேன்னு.

கணக்கு எனக்குப் புரியல. பெரிய பெரிய எண்ணு, ரெண்டப் பெருக்கறது சுலபம், பெருக்கினதப் பிரிக்கறது கஷ்டம்னு என்னமோ சொல்லுச்சு பிப். பிரிக்கறதுதான் கஷ்டம்ங்கறது மட்டும் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான.

அஞ்சாவது வாரம் நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அது சொல்லிட்டிருந்தது, இந்தப் பூட்ட ஒடச்சதா இதுவரைக்கும் யாரும் காட்டல, ஆனாலும் ரகசியம் தெனமும் வெளிய போகுது, ஏன்னா மனுஷன் வாயத் தெறந்து சொல்லிடறான், பாவம் பாத்தோ பயந்தோ சொல்லிடறான், எப்பவும் ஓட்டை அங்கதான்னு. சாதாரணமாத்தான் சொல்லுச்சு, சாக்பீஸ கையில சுத்திக்கிட்டே. எனக்குத் தாங்கல. நாற்காலியத் தள்ளிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டேன். மூணு பஸ்ஸு போச்சு. அது பின்னாடியே வந்து பக்கத்துல உக்காந்துச்சு. நான் எல்லாத்தையும் கொட்டினேன். பொட்டலக் காகிதம், பேனா, எல்லாம். வாயத் தெறந்து ஒரு ஆறுதல் சொல்லல அந்தப் பொண்ணு. அடுத்த வியாழக்கிழம வரும்போது பகடைக் காய் ரெண்டு எடுத்துட்டு வாங்க, பாஸ்வேர்டு செய்யணும்னுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அன்னிக்குத்தான் அத எனக்குப் புடிச்சுது.

பாஸ்வேர்டுன்னா நாய்க்குட்டி பேரு, பொண்டாட்டி பேரு வைக்கக் கூடாதாம். பகடைய உருட்டி, வர்ற எண்ணுக்குப் புஸ்தகத்துல என்ன வார்த்தையோ அத எடுக்கணும். ஆறு வார்த்த. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. வர்றேன், வர்றேன், வக்கீல் சார், அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன்.

ஏப்ரல்ல அவள நேர்ல பாத்தேன். யார்க் ஸ்டேஷன், டீக்கடை, ஒரு மணி நேரம். நாடீன் பக்கத்து மேசையில உக்காந்திருந்தாங்க. எதுக்கு நேர்லன்னா, இந்தப் பூட்டுல ஒரே ஒரு சிக்கல். அவ பூட்டுன்னு சொல்லி இன்னொருத்தன் அவனோட பூட்ட எனக்கு அனுப்பிட்டா? நான் அவளுக்குன்னு நெனச்சு அவனுக்குத்தான பூட்டி அனுப்புவேன். அதனால ஒவ்வொரு பூட்டுக்கும் கைரேக மாதிரி நாப்பது எழுத்து இருக்கு. எழுத்தும் எண்ணும் கலந்து. அவளுது நாப்பது, என்னுது நாப்பது. நேர்ல ஒக்காந்து ஒண்ணொண்ணா வாசிச்சு ஒத்துப் பாத்துக்கணும்.

அவ கன்னத்துல ஒரு தழும்பு. வலது காதத் திருப்பித் திருப்பிக் கேக்கறா. எப்படிம்மா இருக்கேன்னு கேட்டேன். வாசிப்பான்னா. அவ்வளவுதான் பேசினா. நான் வாசிச்சேன். ஏழு, பி, நாலு, டி... அவ பென்சிலால ஒவ்வொண்ணா டிக் போட்டா. எனக்குக் கண்ணு மறச்சு ஒரு எடத்துல எட்ட மூணுன்னு வாசிச்சுட்டேன். அவ பென்சில் அப்படியே நின்னுச்சு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. அப்பனே தப்பான பூட்டோட வந்துட்டான்னு நெனச்சிருக்கா பாருங்க, ஒரு செகண்டு. திரும்ப மொதல்லேருந்து வாசின்னா. திரும்ப வாசிச்சேன். நாப்பதும். மேபல் என் மடியில ஏறி உக்காந்து என் சிப்ஸத் தின்னுக்கிட்டிருக்கு, என்ன யாருன்னே அதுக்கு ஞாபகமில்ல, நல்ல சிப்ஸு வெச்சிருக்கற ஆளுன்னு உக்காந்துருச்சு.

முடிஞ்சப்புறம் அவ சொன்னா. நல்லாக் கேட்டுக்கப்பா. நான் எங்க இருக்கேன்னு கேக்காத, நானா சொல்ற வரைக்கும். என் பேர்ல வேற பூட்டு வந்தா நம்பாத. உன் பேர்ல வேற பூட்டு வந்தா, அது நீயில்ல, டேரன்னுதான் நான் எடுத்துக்குவேன், எவ்வளவு கெஞ்சி எழுதியிருந்தாலும் சரி, ஒடனே எடத்த மாத்திருவேன்னா. சரின்னேன். போறப்ப என் கோட்டுக் காலர சரி பண்ணிவிட்டா. மோரீன் பண்ற மாதிரி. மன்னிச்சுட்டேன்னு எல்லாம் சொல்லல. காலரத்தான் சரி பண்ணினா.

அதுலேருந்து பதினாறு மாசம். பத்து நாளுக்கு ஒரு கடிதம், என் லேப்டாப்புக்கு மெயில்ல வரும். அதுல என்ன இருந்துச்சுன்னு இந்த கோர்ட்டுக்குத் தெரியணுமாம். சொல்றேனே! மேபலுக்கு முள்ளங்கி புடிக்கல. மேபல் ஒரு நத்தைக்கு மோரீன்னு பேர் வெச்சிருக்கு. கெல்சி ஒரு பேக்கரியில வேலைக்குச் சேந்திருக்கா, எடது பக்கத்துலேருந்து யாராவது கூப்புட்டா தெரியலன்னு கடைக்காரம்மா ஒரு மணி வெச்சிருக்காங்க. இதான் ரகசியம். இதுக்குத்தான் இத்தனை பூட்டு. அவன மாதிரி ஒருத்தன் இருந்தா நத்தையோட பேரக்கூடப் பூட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கு.

போன நவம்பர்ல ஒரு கடிதம் வந்துச்சு. அப்பா, போன் தொலஞ்சு போச்சு, புது பூட்டு அனுப்பியிருக்கேன், இனிமே இதுல எழுது, மேபலுக்கு ஒடம்பு சரியில்ல, எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கான்னு. எழுத ஆரம்பிச்சுட்டேன், பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு வரி எழுதிட்டேன். அப்புறம் எந்திரிச்சுப் போய், டீ டப்பாவுக்குள்ள வெச்சிருந்த அந்த யார்க் காகிதத்த எடுத்து ஒத்துப் பாத்தேன். மொத எழுத்தே ஒத்து வரல. ரெண்டாவது, மூணாவது, எதுவுமே. யாரு அனுப்பினதுன்னு என்னால நிரூபிக்க முடியாது. அவன் தலையக் குனிஞ்சுக்கறான் பாருங்க, அத நீங்க எழுதிக்க முடியாது, தெரியும். நான் தோட்டத்துக்குப் போய்க் குப்பைத் தொட்டிய ஒதச்சேன். கால் நகம் பேந்து போச்சு. பதில் போடல. பூட்டக் கத்துக்கிட்டதுக்கு அன்னிக்கு ஒரு நாள் போதும்மா.

என்னம்மா? ஆமா, நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு. விலாசம் டேரனுக்குப் போகாது, கோர்ட்டுகிட்ட மட்டும் இருக்கும், உங்ககிட்ட மட்டும். நீங்க நல்லவங்கதான், உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அவளும் என்கிட்ட மட்டும்னுதான் சொன்னா. அதுக்கப்புறம் ஒரு அரசாங்க ஆபீஸ்லேருந்து டேரன் பக்கத்துக்குப் போன காகிதக் கட்டுல, எல்லாத்தையும் கருப்பு மையால மறச்சிருந்தாங்க, பதினொண்ணாவது பக்கத்துல மட்டும் அவ இருந்த ஊர் பேர அப்படியே விட்டுட்டாங்க. கைத்தவறு. மன்னிச்சுக்கங்கன்னு அவளுக்கு ரெண்டு வரி கடிதம். அவ அன்னிக்கே கொழந்தையும் பையுமாக் கெளம்பி வேற ஊருக்குப் போனா. மூணாவது ஊரு அது. பூட்ட யாரும் ஒடைக்கலம்மா. நல்லவங்க கையிலேருந்துதான் விழுது. நானும் நல்லவன்தான், கேளுங்க, எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.

சரி, இப்ப பாஸ்வேர்டு. வக்கீல் சார், பேனா எடுத்துக்கங்க. குடை, செங்கல், வாத்து, மெழுகு, அமாவாசை, தொப்பி. அந்த வரிசையிலதான். நடுவுல எடம் விடணும். என்ன பாக்கறீங்க? கேட்டீங்க, குடுத்துட்டேன். காலையில நான் ஒப்படச்ச அந்த லேப்டாப் உங்ககிட்டதான இருக்கு, போட்டுப் பாருங்க, கெல்சியோட கடிதம் வரிசையா இருக்கும். எல்லாம் பூட்டியிருக்கும். மொதல்ல சாவியத்தான் கேக்கும். நான் குடுத்தது லேப்டாப்புக்கான பாஸ்வேர்டு இல்ல. சாவிக்கான பாஸ்வேர்டு. சாவி இருந்தாத்தான் பாஸ்வேர்டுக்கு வேல.

சாவிய லேப்டாப்புல வெக்கக் கூடாதுன்னு பிப் சொல்லியிருந்துச்சு. ரெண்டு பென் டிரைவ்ல வெச்சிருந்தேன். இதோ, இந்தப் பையில இருக்கு. எடுத்துக்கங்க. கொட்டிப் பாருங்க, கைய மட்டும் கிழிச்சுக்காதீங்க, தகரம் கூரா இருக்கு. ஷெட்டுல வைஸ் இடுக்கியில மாட்டி சுத்தியால அடிச்சேன். அப்புறம் அரம் போட்டுத் தேச்சேன். வேலைய அரகொறையா விட்டுப் பழக்கமில்ல எனக்கு.

எப்பவா? போன புதன்கெழம. உங்க ஆர்டர் செவ்வாக்கெழம கையில கெடச்சுது. தெரிஞ்சது எல்லாத்தையும் வந்து சொல்லணும், எதையும் மறைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. சத்தியமா எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது, அவ எந்த ஊருன்னு தெரியாது. ஆனா அதுக்கு முந்தின கடிதத்துல எழுதியிருந்தா. மேபல் செப்டம்பர்ல ஸ்கூலுக்குப் போகுதுப்பா, மொத நாள் தாத்தா கையப் புடிச்சுட்டுத்தான் போவேங்குது, அடுத்த கடிதத்துல எந்த ஊருன்னு எழுதறேன், வந்துருன்னு. ரெண்டேகால் வருஷத்துல மொத தடவையா, வந்துருன்னு எழுதினா.

புதன்கெழம காலையில ஏழு பத்துக்கு அந்தக் கடிதம் வந்துச்சு.

பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். டீ ஆறிப்போச்சு. பென் டிரைவ் கையில இருக்கு. சொருகி, ஆறு வார்த்தையத் தட்டினா, என் பொண்ணு எந்த ஊர்ல, எந்தத் தெருவுல இருக்கான்னு வந்துரும். படிச்சுட்டா எனக்குத் தெரியும். தெரிஞ்சா, இன்னிக்கு இங்க வந்து உங்க முன்னாடி நிக்கணும். நீங்க நல்லபடியாக் கேப்பீங்க. அவன் அழுவான். என் வாய எனக்குத் தெரியும்மா. அதனால படிக்கல. ஷெட்டுக்குப் போய்ட்டேன்.

இல்ல சார், தெறக்க முடியாது. பிப்பக் கேளுங்க, நாட்டுல இருக்கற எல்லாக் கம்ப்யூட்டரும் சேந்து ஆயுசு பூரா ஓடினாலும் முடியாதாம். என்னாலயும் முடியாது. அந்தக் கடைசிக் கடிதம் பதினாலு வரி, கண்ட எழுத்தும் எண்ணுமா. அதுல ஒரு ஊர் பேரு இருக்கு. அந்த லேப்டாப்புலதான் இருக்கு. நீங்களே வெச்சுக்கங்க.

புதுச் சாவி செஞ்சுக்கலாமேன்னா? செய்யலாம், அஞ்சு நிமிஷ வேல. ஆனா அது என் பேர்ல போற வேற பூட்டு. டேரன்னுதான் எடுத்துக்குவா, அந்தக் கொழந்தையத் தூக்கிட்டு நாலாவது ஊருக்கு ஓடுவா. நாடீனும் இப்ப அந்த வேலையில இல்ல. கையெழுத்து இல்லாம நான் என்ன எழுதினாலும் அவ நம்பக் கூடாது. நம்பினா எனக்குத்தான் கோவம் வரும்.

கோர்ட்டு அவமதிப்புன்னு தெரியும்மா. ஜெயிலுன்னா ஜெயிலு, மாத்திரை மட்டும் குடுத்துட்டாப் போதும், பிரஷருக்கு ஒண்ணு, காலையில. வேற ஒண்ணும் கேக்கல.

செப்டம்பர் மூணாம் தேதி ஸ்கூல் தெறக்கறாங்க. எந்த ஸ்கூலோ. கேட்டுல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டே இருப்பாங்க. அப்புறம் மணி அடிச்சுரும், மேபல் உள்ள போயிரும். நான் ஏன் வரலன்னு அவளுக்குச் சொல்ல எனக்கு இனிமே ஒரு வழியும் கெடையாது. அப்பன் இந்தத் தடவையும் இப்படிப் பண்ணிட்டான்னு நெனச்சுக்குவா. நெனச்சுக்கட்டும்மா. உசுரோட இருந்து நெனச்சுக்கட்டும்.